தகரப் பெட்டியில் உள்ள படங்கள்



நம் வீடுகளில் அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு பெட்டி இருக்கும். அது தீபாவளிக்கு வாங்கிய பிஸ்கட்டு டின்னாக இருக்கலாம். தாத்தா கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டியாகவும் இருக்கலாம். உள்ளே பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கடிதங்கள், பழைய சம்பளச் சீட்டு, கோயில் வரிசை ரசீது எல்லாம் அடுக்கியிருக்கும். அவற்றுக்கெல்லாம் அடியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில நிழற்படங்கள் கிடக்கும். அந்தப் படங்களை வைத்து ஒரு குடும்பப் படத்தொகுப்பை எப்படித் தொடங்குவது, தொடங்கிய பிறகு அதை எப்படி மாற்றி அமைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசவிருக்கிறோம்.

படத்தொகுப்பு என்றவுடன், அது வசதி படைத்தவர் பொழுதுபோக்கு அல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி அன்று. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டிலிருந்து ஒரு பழைய படம் எடுத்துவாருங்கள், அதில் இருப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொன்னோம். எல்லாரும் படம் கொண்டுவந்தார்கள். பெயர் கொண்டுவந்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஒரு சிறுமி கொண்டுவந்த படத்தில், தோளில் காண்டாக் கம்பும் இருபுறமும் பால் வாளியுமாக ஒரு பெண்மணி ஸ்டோர் வாசலில் நிற்கிறார். முகத்தில் வெயில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார். "அப்பாவோட பாட்டியாம் சார். இல்லேன்னா பாட்டியோட அக்காவாம். அம்மாவுக்குச் சரியாத் தெரியலை" என்றாள் அந்தச் சிறுமி. தெரிந்த ஒரே ஆள், அந்த வீட்டுப் பெரியவர். அவர் முந்திய ஆண்டுதான் காலமாகியிருந்தார். பள்ளியிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்துபோகும் தூரம்தான். யாராவது ஒருவர் அவரிடம் அந்தப் படத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பெயர் இல்லாத படங்கள் நமக்குப் புதிதல்ல. பிரிட்டிஷார் காலத்தில் சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் என்னும் பெயரில் புகழ்பெற்ற நிழற்படக் கம்பெனி ஒன்று இருந்தது. அது 1867இல் தொடங்கியது. அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் இந்த நாட்டின் காடு, மலை, துறைமுகம், மனிதர் என எல்லாவற்றையும் படம் எடுத்து விற்றார்கள். அஞ்சலட்டைகளாகவும் அவை வெளிவந்தன. அவற்றில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். படத்தின் கீழே என்ன எழுதியிருக்கும் தெரியுமா? ‘தமிழ்ப் பெண்’ என்று இருக்கும். ‘தமிழ்க் கூலிகள்’ என்று இருக்கும். தோட்டத்துத் துரை படத்தில் இருந்தால் அவர் பெயர் இருக்கும். பக்கத்தில் நிற்கும் பத்துப் பேருக்குப் பெயர் இராது. படம் எடுத்தவருக்கு அவர்கள் பெயர் தேவைப்படவில்லை. இன்று படம் நம் கையில் இருக்கிறது. கருவியும் நம் கையில் இருக்கிறது. ஆனாலும் பின்புறத்தைத் திருப்பினால் வெள்ளைத் தாளாகத்தான் இருக்கிறது. அந்தக் குறையை அடுத்தவர்மேல் போட முடியாது.

நம் குடும்பங்களுக்கு முதல் படம் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதையடுத்து, 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. நம் பாட்டன் பாட்டிகளில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆசைக்காக எடுத்த படமன்று; அரசாங்கம் கேட்டதால் எடுத்த படம். நேராகப் பார்க்கும் கண், இறுக மூடிய வாய். சிலருக்கு அதுவே கடைசிப் படமும் ஆயிற்று. ஒருவர் இறந்தபின், சுவரில் மாட்ட வேறு படம் இல்லாமல், ஐ.சி. படத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, சட்டைக்கு மேல் ஒரு கோட்டும் வரைந்து வாங்கிவந்த குடும்பங்கள் உண்டு. வாழ்நாளில் கோட்டே போடாத மனிதர், சந்தனப் பொட்டும் மாலையுமாகக் கோட்டுடன் சுவரிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்!

அதன்பிறகு படம் எடுக்கும் வழக்கம் மெல்லப் பரவியது. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, தோட்டத்துத் திருவிழாவுக்கு, தைப்பூசத்தில் காவடி எடுத்ததற்கு, ஊருக்குக் கப்பல் ஏறும் முன் என்று ஸ்டூடியோவுக்குப் போய் நின்றார்கள்; அல்லது படக்காரர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தார். பின்னாளில் கல்யாண ஆல்பங்கள் வந்தன. மணமகளை ரோஜாப் பூவுக்குள் வைத்து, மணமகனைப் பௌர்ணமி நிலாவுக்குள் வைத்து எடுத்த படங்களை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றைக் கேலி செய்ய நமக்கு விருப்பமில்லை. ஒரு நாளாவது நிலாவில் இருக்க ஆசைப்பட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படங்கள் எல்லாமே விசேஷ நாள் படங்கள். பட்டுப் புடவை இருக்கிறது, மாலை இருக்கிறது, கேக் இருக்கிறது. விடியற்காலைப் பெரட்டுக் களம் எங்கே? இடுப்பில் கொசுவர்த்திச் சுருளைப் புகையவிட்டுக்கொண்டு மரம் சீவிய அம்மா எங்கே? மங்கு கழுவிய பிள்ளைகள் எங்கே? ஆயாக் கொட்டகையில் தொங்கிய ஏணைகள் எங்கே? லயத்து வீட்டின் அடுப்படி எங்கே? ஆண்டில் முந்நூறு நாளும் எதைச் செய்தோமோ அதற்குப் படம் இல்லை. வேலை உடுப்பில் படம் எடுப்பது வெட்கம் என்று எண்ணினார்கள்; படச் சுருளும் விலை கூடுதலாக இருந்தது. காண்டாக் கம்போடு நிற்கும் பெண்மணியின் படத்தைப் பற்றிச் சொன்னோமே, அது அரிதான பொருள். பத்துக் கல்யாணப் படங்களுக்கு அந்த ஒரு படத்தை நாம் ஈடாகக் கொடுக்க மாட்டோம்.

இதில் அவசரமும் இருக்கிறது. தோட்டம் என்பது அசையாத இடம் என்று எண்ணியிருந்தோம். 1921ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தைத் திறந்தார்கள். மலாய் மொழியில் பெரும் போர் என்று பொருள்படும்படி அதற்குப் பிராங் பெசார் என்று பெயர் வைத்தார்கள். 1995ஆம் ஆண்டு அந்த நிலத்தில்தான் புத்ராஜெயா நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். இன்று அமைச்சுகளும் பிரதமர் அலுவலகமும் இருக்கும் இடத்தில் பால்மரம் நின்றது, லயம் இருந்தது, நம்மவர்கள் வாழ்ந்தார்கள். இப்படி வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறிய தோட்டங்கள் பல. தப்பிய இடங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆகவே, உங்கள் பெட்டியில் இருக்கும் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம், ஓர் ஊரின் மிச்சமாகவே இருக்கலாம்.

சரி, எப்படித் தொடங்குவது? கடைக்குப் போய்ப் பெரிய ஆல்பம் வாங்கிவருவதில் தொடங்கக் கூடாது. முதலில் மேசையைத் துடைத்து, கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, படங்களைப் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். பன்னிரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பன்னிரண்டு? அழகானவை அல்ல, வீட்டிலேயே மூத்தவர் மட்டும் அடையாளம் சொல்லக்கூடியவை. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் காத்திருக்கும். எண்பது வயதுப் பாட்டி காத்திருப்பார் என்று சொல்ல முடியாது.

அந்தப் படங்களைப் பாட்டியிடம் கொண்டுபோகும்போது, "இது யாரு பாட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்து, ஒரு படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, சற்றுச் சும்மா இருங்கள். முதலில் முகத்தைப் பார்ப்பார். பிறகு புடவையைப் பார்ப்பார். பிறகு பின்னால் இருக்கும் வேலியையோ மரத்தையோ பார்ப்பார். அங்கேதான் பேச்சுத் தொடங்கும். ‘இந்த நாற்காலி பெரிய கிராணி வீட்டிலேருந்து இரவல் வாங்கினது’ என்பார். ‘இந்தச் சங்கிலியும் இரவல்தான்’ என்பார். யார், எங்கே, எப்போது, என்ன விசேஷம், யார் எடுத்த படம் என்ற ஐந்தும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். பேச்சைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். செய்வதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெயர் எழுதும்போது ‘மாமா’, ‘சின்னம்மா’ என்று எழுதினால் போதாது. யாருக்கு மாமா? எழுதுகிறவருக்குத் தெரியும், பேரப்பிள்ளைக்குத் தெரியாது. முழுப் பெயரும், தகப்பன் பெயரும், தோட்டத்தில் அவரை எல்லாரும் கூப்பிட்ட பட்டப்பெயரும் எழுதுங்கள். குழுப் படமாக இருந்தால், இடமிருந்து வலமாக வரிசைப்படி எழுதுங்கள். தோட்டத்தின் பெயரோடு அருகிலுள்ள பட்டணத்தின் பெயரையும் மாநிலத்தையும் சேருங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. நிச்சயமாகத் தெரியாததை ஊகமாக எழுதினால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். நிச்சயம் வேறு, ஊகம் வேறு என்று பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

எழுதுவதற்குப் பந்துமுனைப் பேனா கூடாது. அழுத்தினால் முகத்தின்மேல் கோடு புடைக்கும். மை ஊறி மறுபுறம் வரும், அல்லது மேலே இருக்கும் படத்தில் ஒட்டும். மென்மையான 2பி பென்சிலால், பின்புறத்தில் ஓரமாக, லேசாக எழுதுங்கள். பிற்காலத்துப் படங்களின் பின்புறம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கும், பென்சில் பதியாது. அவற்றை ஒரு காகித உறைக்குள் போட்டு, உறையின்மேல் எழுதுங்கள். எழுதிய பிறகுதான் படத்தை உள்ளே வைக்க வேண்டும்.

ஆண்டு தெரியாத படங்களை என்ன செய்வது? இங்கே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் துப்பறியும் வேலை பிடிக்கும். சுவரில் நாட்காட்டி தெரிகிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பின்னால் அறிவிப்புப் பலகை இருக்கிறதா? ‘மலாயா’ என்று இருந்தால் பெரும்பாலும் 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16க்கு முந்தியது. மலேசியா பிறந்தது அன்றுதான். மலாய் எழுத்துக்கூட்டல் 1972இல் மாறியது. அதற்குமுன் ‘சி’, ‘எச்’ என இரண்டு எழுத்தால் எழுதிய ஒலியை அதற்குப்பின் ‘சி’ என ஒரே எழுத்தால் எழுதினார்கள். தமிழ்ப் பலகை என்றால், ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளைப் பாருங்கள். யானைத் துதிக்கை போலச் சுழித்த பழைய வடிவம் இருக்கிறதா, இன்றைய வடிவம் இருக்கிறதா? தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது; பிறகு அது இங்கும் வழக்கில் வந்தது. பலகை எழுதுகிறவர்கள் உடனே மாறிவிடவில்லை. ஆகவே இது சான்றன்று, குறிப்பு மட்டுமே. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யாமல் எடுத்த படங்கள் ஏராளம். தீபாவளி உடையோடு நிற்பவர்களின் மூலையில் ஜனவரி முதல் தேதி இருக்கும்!

குழந்தைகளின் வயது நல்ல கணக்கு. மடியில் இருக்கும் கைக்குழந்தையின் பிறப்புப் பத்திரம் அதே பெட்டியில் இருக்கிறதே. அந்தக் குழந்தைக்கு ஒரு வயது என்றால், படத்தின் ஆண்டு வந்துவிட்டது.

இனி, படங்களைக் காப்பது பற்றி. நம் நாட்டில் படத்துக்கு எதிரி மூன்று: ஈரம், வெப்பம், வெளிச்சம். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி என்னும் உலோகம். அது நன்றாக வைத்திருந்தால் நெடுங்காலம் நிற்கும். வண்ணப் படத்தில் உருவம் சாயத்தால் ஆனது, சாயம் வெளுக்கும். 1970களில் எடுத்த வண்ணப் படங்கள் பல இன்று செக்கச்செவேல் என்று இருப்பதற்குக் காரணம், நீலம் கலந்த சாயம் முதலில் மங்கிப் போனதுதான். ஆகவே தாத்தாவின் கல்யாணப் படத்தைவிட அப்பாவின் கல்யாணப் படம்தான் முதலில் அழியும். அதைத்தான் முதலில் பிரதி எடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பம் பெருவழக்காக இருந்தது. பக்கத்தின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, படத்தை வைத்து, மூடிவிடுவோம். பார்க்க அழகு. ஆனால் அந்தப் பசை ஆண்டுகள் போகப் போகப் பழுத்து, படத்தின் பின்னால் மஞ்சள் வரி வரியாக ஊறும். பிறகு படம் வரவே வராது. அப்படி ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெல்ல அறுப்பதுபோல் விட்டால், பல படங்கள் வந்துவிடும். வராவிட்டால், பக்கத்தோடு அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கும் இதே முறைதான்; உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். லேமினேட் செய்வது காப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி எடுக்க முடியாது. பள்ளிச் சான்றிதழின் நகலுக்கு அது சரி. மூலப் படத்துக்கு வேண்டாம்.

படங்களைச் சமையலறைப் பக்கம், குளியலறைச் சுவர், தகரக் கூரைக்கு நேர் கீழே, வெறும் தரை ஆகிய இடங்களில் வைக்காதீர்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் ஒரே இரவில் தண்ணீர் புகுந்தது. தோட்டத்திலிருந்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்களும் அங்கே இருந்தார்கள். நனைந்த படங்களைக் கட்டாக அப்படியே காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி முடிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்ப வேண்டும். வீடு கழுவும் வேலையில் அதற்கு நேரமில்லை என்றால், பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிடலாம். சில வாரம் கழித்துக்கூட எடுத்துப் பிரிக்கலாம். மீன் வைக்கும் இடத்தில் மாமனார் படமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

பழையதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் புதியது போய்விடும். இன்று வீட்டுக்கு மூன்று கைப்பேசி. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் படம். ஆனால் அதே பழைய குறைதான்: விசேஷம், சாப்பாடு, சிரித்த முகம். ஆகவே உங்கள் தொகுப்பில் இன்றைய பகுதிக்கு, வேலையைப் படம் எடுங்கள். அப்பா செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாள், அம்மா உதிரிப் பழம் பொறுக்கும் கை, தையல் இயந்திரம், இரவு வேலைக்குப் போகும் தொழிற்சாலைச் சீருடை, கோயிலுக்குப் பின்னால் பொங்கல் வைக்கும் அடுப்பு. சில எளிய முறைகள் போதும். கைப்பேசிக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்குவது எண்ணெய்க் கையால்தான். விரலால் பெரிதாக்காமல் இரண்டு அடி முன்னே போங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும்; காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ எடுங்கள். வீட்டுக்குள் என்றால் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ‘சிரி, சிரி’ என்று சொல்லாதீர்கள். வேலை செய்கிறவரை வேலை செய்ய விடுங்கள்; கொஞ்ச நேரத்தில் நம்மை மறந்துவிடுவார்.

இன்னொரு முறை எங்கள் மாணவர்களுக்குப் பிடித்துப்போனது. ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: பள்ளி வாசலோ, கோயில் அரச மரமோ, உங்கள் வீட்டுப் படிக்கட்டோ. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில், அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து ஒரு படம் எடுங்கள். முதல் ஆண்டு அது ஒன்றுமே இல்லாத படமாகத் தெரியும். ஐந்தாம் ஆண்டு, ஐந்தையும் வரிசையாக வைத்தால் என்ன போனது, என்ன வந்தது என்று தானே தெரியும்.

பிறரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இன்று நம் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களையும் கேளுங்கள். அவர்கள் பெயரையும் எழுதுங்கள். ‘தமிழ்க் கூலிகள்’ என்று எழுதியதைக் கண்டு வருந்துகிற நாம், ‘பங்களா ஆட்கள்’ என்று எழுதிவைக்கக் கூடாது. நோயாளிகளையும், துயரத்தில் இருப்பவர்களையும், குளிக்கும் குழந்தைகளையும் விட்டுவிடுங்கள்.

ஓராண்டு இப்படிச் சேர்த்த பிறகுதான் தொகுப்பை மாற்றி அமைக்கும் வேலை வரும். தொடங்கும்போது எல்லாரும் ஆண்டு வரிசையாகவே அடுக்குவார்கள். அது தவறில்லை. ஆனால் ஆண்டு வரிசையில் அடுக்கினால், படம் அதிகம் எடுத்த ஆண்டுகள் பெருத்தும், படமே இல்லாத ஆண்டுகள் காணாமலும் போகும். அந்த ஆண்டுகளில்தான் குடும்பத்தில் பெரிய காரியங்கள் நடந்திருக்கும். வேலை போயிருக்கும், வீடு மாறியிருக்கும், படம் எடுக்கக் காசு இருந்திராது. ஆகவே எல்லாப் படத்தையும் வெளியே எடுத்து, வீடு வீடாக அடுக்கிப் பாருங்கள். முதலில் இருந்த லயம், பிறகு மாறிய தோட்டம், பிறகு பட்டணத்து வாடகை வீடு, பிறகு சொந்த வீடு அல்லது அடுக்குமாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பகுதி. ஒரு வீட்டுக்குப் படமே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை விட்டுத் தாண்டாதீர்கள். ஒரு தாளில், ‘இங்கே ஆறு ஆண்டு இருந்தோம், படம் இல்லை’ என்று எழுதி, வீட்டின் அமைப்பைப் பென்சிலால் வரைந்து வையுங்கள். கிணறு எங்கே, குழாய் எங்கே, பக்கத்து வீட்டில் யார் என்று தாத்தாவைக் கேட்டு வரைந்தால், அது சில படங்களைவிட அதிகம் பேசும்.

மாற்றி அமைக்கும்போது குறைக்கவும் வேண்டும். ஒரே கேக்கின் முன் எடுத்த பதினெட்டுப் படங்களில் ஒன்று போதும். மிச்சத்தை எறிய வேண்டாம். வேறொரு உறையில் போடுங்கள். விருந்தினர் ஒருவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடக்கூடிய அளவு, நாற்பது அல்லது ஐம்பது படம், ஒரு குடும்பத் தொகுப்புக்குச் சரியான அளவு என்று கருதுகிறோம். நானூறு படம் வைத்தால் யாரும் மூன்றாம் பக்கம் தாண்ட மாட்டார்கள்.

சண்டை போட்டுப் பிரிந்த உறவினர் படத்தைக் கத்தரியால் வெட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் வெட்டும்போது அவர் தோளில் கைபோட்டு நிற்கும் அத்தையின் விரல்களும் சேர்ந்து போகின்றன. தொகுப்பில் வைக்க மனமில்லையென்றால் உறையில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் பிரதி வேண்டும். மூலப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்து, மின்னல் விளக்கை அணைத்து எடுங்கள். பின்புறத்தில் எழுத்து இருந்தால் பின்புறத்தையும் எடுங்கள். ஒரு பிரதி கைப்பேசியில், ஒன்று வேறு வீட்டில் இருக்கும் மகளிடமோ தம்பியிடமோ, ஒன்று கடையில் அச்சிட்டுத் தாளில். நினைவட்டையை மட்டும் நம்பாதீர்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் கெடும். புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப் போகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் முழுத் தெளிவோடு போய்ச் சேரும்.

கடைசியாக, கடல் கடந்த உறவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969இல் வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமானபோது, நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். போனவர்கள் சில படங்களைக் கொண்டுபோனார்கள்; இருந்தவர்கள் சிலவற்றை வைத்துக்கொண்டார்கள். ஒரே நாள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று இங்கேயும் மற்றது நாமக்கல்லிலோ பட்டுக்கோட்டையிலோ இருக்கலாம். இங்கே பெயர் தெரியாத முகத்துக்கு அங்கே பெயர் தெரிந்திருக்கலாம். தொடர்பு இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரு படம் மட்டும் அனுப்பி, ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பத்துப் படத்தைச் சேர்த்து அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வரும், பெயர் வராது.